வராதபட்டி

ஜூன் 12, வியாழன்

இந்த டைரியில் புதன் என்று அச்சடித்திருக்கிறது. போன வருஷத்து டைரி. அப்பா ஓட்டும் மினி பஸ்ஸின் முதலாளி மிஞ்சிப் போனதை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். கிழமையை அடித்துவிட்டுச் சரியானதை எழுதிக்கொள்வேன்.

நான் ஆவுடைச்செல்வி. எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு, கோவில்பட்டி. இதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வகுப்புக்குப் புது ஆசிரியர் வந்திருக்கிறார். ஞானதுரை சார், கணக்கு. ஒன்பதரைக்குள் வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்ற வேண்டுமாம். குனிந்த தலை நிமிராமல் பெயர்களைக் கடகடவென்று வாசிக்கிறார். அறுபத்திரண்டு பேர். பெயர் வந்ததும் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். என் பெயர் வந்தபோது எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் இருக்கும் சந்தனமாரி சும்மா இருந்திருக்கலாம். "சார், இவ இருக்கா சார்" என்றாள்.

"ஏன், அவளுக்கு வாய் இல்லையா?" என்றார் சார், போனைப் பார்த்தபடியே. வகுப்பே சிரித்தது. "இனிமே ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொன்னா ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட். இது என் ரூல்."

இடைவேளையில் சந்தனமாரியிடம், எனக்காக இனி வாயைத் திறக்கக் கூடாது என்று நோட்டில் எழுதிக் காட்டினேன். தொண்டை கட்டியிருந்ததால் எழுதினேன். என் பெயருக்கு நான்தான் பதில் சொல்வேன். அதில் மாற்றம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

ஆப்சென்ட்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் ஆப்சென்ட். மூன்றாவது நாள். ஆனால் ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பின்னங்களைப் பெருக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஐந்தும் சரி.

பள்ளிக்கூடத்துப் பதிவின்படி நான் அங்கே இல்லை. இல்லையென்றால் வேறு எங்கேயோ இருந்தாக வேண்டும். நியாயம்தானே? மதியம் முழுக்க இதையே யோசித்து, சமூக அறிவியல் பீரியடில் கண்டுபிடித்துவிட்டேன். ஊரின் பெயர் வராதபட்டி.

வர வேண்டியது எதெல்லாம் வராமல் போகிறதோ அதெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது. எட்டரை மணி டவுன் பஸ் அங்கே எட்டு இருபத்தைந்துக்கே வந்து நிற்கிறது. தண்ணீர் லாரி தெருவுக்குத் தெரு ஓடுகிறது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு வராத பாயசம் அண்டா அண்டாவாக இருக்கிறது. நம் ஊருக்கு இதோ வருகிறேன் என்று இருட்டிக்கொண்டு வந்து, வராமல் போன மழையெல்லாம் அங்கே பெய்து பெய்து கடலாகிவிட்டது. கோவில்பட்டிக்காரியான எனக்கு ஒரு கடல் கிடைத்துவிட்டது.

கரையில் தொம்மை என்று ஒரு படகுக்காரர். "ஏறு தாயி, ஒனக்காகத்தான் நிக்கேன்" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

ஆப்சென்ட். எனக்கு வராதபட்டியில் வேலை கிடைத்துவிட்டது. கரையில் நின்று, வந்து சேர்கிறவர்களின் பெயர்களை ஊருக்கே கேட்கும்படி அறிவிக்க வேண்டும். இன்று மட்டும் நாற்பது பெயர் சொன்னேன். ஒன்றுகூடத் தட்டவில்லை. வந்தவர்களில் சந்தனமாரியின் அப்பாவும் இருந்தார். இரண்டு வருஷமாக அவர்கள் வீட்டுக்கு வராதவர். நன்றாகத்தான் இருக்கிறார். சந்தனமாரியிடம் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று ஒரு வேடிக்கை. சந்தனமாரி வரவில்லை. அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் நாட்களில் அவள்தான் கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். பதிவில் என் பெயருக்குப் பிறகு பாக்கியலட்சுமி, பிரேமா, அப்புறம் சந்தனமாரி. என் பெயர் வந்ததும் நான் எழுந்து தயாரானேன். பாக்கியலட்சுமி சொன்னாள், பிரேமா சொன்னாள். சந்தனமாரி என்று கூப்பிட்டபோது யாரும் இல்லாததால் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எனக்கு வார்த்தை வந்துவிட்டது. "உள்ளேன் ஐயா!" நல்ல கணீர் என்ற குரல்.

சார் சந்தனமாரிக்கு வருகை போட்டுவிட்டார். எனக்கு ஆப்சென்ட்.

சாயங்காலம் அம்மாவோடு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என்னைப் பார்த்து, "என்ன வேணும் பாப்பா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். "கால் கிலோ துவரம்பருப்பு" என்று அம்மா முடித்துவிட்டாள். துவரம்பருப்புதான் வேண்டும், அவள் சொன்னது சரிதான். அம்மா எப்போதும் சரியாகத்தான் முடிப்பாள். அப்பாதான் அவசரத்தில் எதையாவது சொல்லி முடித்துவிடுவார். நான் சரி என்று தலையாட்டிவிடுவேன். அப்படித்தான் எனக்குப் பிடிக்காத கேசரியைப் பிறந்தநாளுக்கெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று முழுக்கத் தொம்மை அண்ணனோடு சுற்றினேன். நான் பேசுவதை எல்லாம் உட்கார்ந்து கேட்டார். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியாது.

ஜூன் 26, வியாழன்

ஞானதுரை சார் லீவு. அறிவியல் டீச்சர் முகங்களைப் பார்த்தே பதிவு போட்டுவிட்டார். இன்று நான் வந்திருக்கிறேன். சப்பென்று இருந்தது.

ஜூன் 30, திங்கள்

எனக்குத் திக்குகிறது.

எழுதிவிட்டேன். எழுதினால் கை திக்காது, நான்தான் எழுதாமல் இருந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். உள்ளே வாக்கியம் முழுசாக, இஸ்திரி போட்டதுபோல் இருக்கிறது. வாசலுக்கு வந்ததும் முதல் எழுத்து கதவில் மாட்டிக்கொள்கிறது. சுற்றி இருக்கிறவர்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார்கள். இல்லையென்றால் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

அம்மா தையல் மெஷினில் ஜாக்கெட் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறேன். அந்தச் சத்தத்தோடு சேர்த்துச் சொன்னால் "உள்ளேன் ஐயா" அருமையாக வருகிறது. இருபது தடவை சொன்னேன். "என்னட்டி முணுமுணுக்க?" என்றாள் அம்மா. தையல் மெஷினைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனாலும் தினமும் இருபது தடவை. விடுவதாக இல்லை.

ஜூலை 3, வியாழன்

ஆப்சென்ட். சந்தனமாரிக்கு வருகை. வராத நாளிலும் தனக்கு வருகை விழுவது அவளுக்குத் தெரிந்துவிட்டது; நாளை வரும்போது எனக்குக் கொடுக்காப்புளி தருவதாக ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 7, திங்கள்

ஆப்சென்ட். வராதபட்டியில் இன்று நிலைமை மோசம். போன ஐப்பசியில் வராத புயல் அங்கே வந்துவிட்டது. தொம்மை அண்ணன் படகில் நானும் எட்டரை மணி பஸ்ஸும் இருக்கிறோம். பஸ்ஸை இறக்கினால்தான் படகு மிதக்கும். ஆனால் பஸ்ஸுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். பனை உயரத்துக்கு ஓர் அலை எழும்பி நிற்கிறது. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

ஜூலை 9, புதன்

டைரி என்னிடம் இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா வண்டியை விட்டுவிட்டு வந்து, போனில் மெசேஜ் நிறைந்துவிட்டது, அழித்துக் கொடு என்று அம்மாவிடம் நீட்டினார். பட்டன் போன். அவர் எதையும் திறந்து பார்ப்பதில்லை. அம்மா ஒவ்வொன்றாகப் படித்து அழித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். "உங்கள் மகள் ஆவுடைச்செல்வி இன்று பள்ளிக்கு வருகை தரவில்லை." இப்படிப் பதினேழு இருந்தன.

"காலையில யூனிபார்ம் போட்டு, சோத்து டப்பா எடுத்துட்டுல்லா போறா?" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து நின்றார். "எங்கட்டி போன, பதினேழு நாளா?"

பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று சொல்ல வேண்டும். "ப..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ் ஸ்டாண்டுக்கா?"

"ப... ப..."

"பார்க்குக்கா? சொல்லேன்டி!"

"பயலோடயா?" என்றாள் அம்மா.

அம்மா என் வாக்கியத்தைத் தப்பாக முடித்தது அதுதான் முதல் தடவை. நான் தலையாட்டவில்லை. இல்லை என்று பலமாக ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அம்மா என் பையைக் கொட்டினாள். நோட்டுகளை எடுத்து நீட்டினேன், எல்லாப் பக்கத்திலும் தேதி இருக்கிறது. "யாருகிட்டயோ வாங்கி எழுதியிருக்கா" என்று அப்பா தள்ளிவிட்டார். கடைசியாக டைரி விழுந்தது. மெசேஜ் வந்த தேதிகளாகப் பார்த்துத் திருப்பினார்கள். ஜூன் 24 திறந்துகொண்டது.

"யாரு தொம்மை?" என்றார் அப்பா. மெதுவாகத்தான் கேட்டார். டைரியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்குப் பயமாகிவிட்டது. என்னைப் பற்றி அல்ல, அவரைப் பற்றி.

நான் சொல்ல முயன்றேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. வராததே நான் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிட்டது.

"படிச்சது போதும். நாளன்னைக்குப் போயி டி.சி.ய வாங்கிட்டு வாரேன். திருப்பூர்ல அத்தை வீட்டுல இருக்கட்டும்."

இன்று பள்ளிக்கு அனுப்பவில்லை. அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து நூறு தடவை சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நிறுத்தியதும் எனக்கு மாட்டிக்கொண்டது. அவள் மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தாள். துணியே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு அப்பா தனியாகப் போக விடமாட்டேன்.

ஜூலை 10, வியாழன் (நான்கு தாள்)

யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, அப்பா கிளம்பும் முன்பே மினி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "இறங்கு" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இறங்குட்டி." இறங்கவில்லை. முதல் ட்ரிப்புக்கு ஆட்கள் ஏற ஆரம்பித்தார்கள். அவர்கள் முன்னால் சண்டை போட அவருக்கு வெட்கம். வண்டியை எடுத்துவிட்டார்.

தலைமையாசிரியை அறை. அவர், ஞானதுரை சார், அப்பா, நான். சார் போனில் பட்டியலைக் காட்டினார். வரிசையாக என் பெயருக்கு நேரே சிவப்பு. "நானே இந்தப் பொண்ண சரியா பாத்ததில்ல மேடம்" என்றார். அது உண்மை.

"என்னம்மா, எங்க போன?" என்றார் தலைமையாசிரியை.

"நா... நா..."

"நான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்றியா?"

"நா... ன்..."

"நாளைலருந்து ஒழுங்கா வாரேன்னு சொல்லுதா" என்றார் சார்.

அப்பா வாயைத் திறந்தார். அவரும் ஏதோ ஒன்றால் முடிக்கப் போகிறார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. மூன்று பேரும் வாயை மூடினார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சந்தனமாரி, இடுப்பில் தம்பியோடு நின்றிருந்தாள். நான் நேற்று வரவில்லை என்றதும் என்னவோ ஏதோ என்று குழந்தையோடு எங்கள் வீட்டுக்குக் கிளம்பியவள், வழியில் பள்ளி வாசலில் அப்பாவின் மினி பஸ் நிற்பதைப் பார்த்து உள்ளேயே வந்துவிட்டாள்.

"டீச்சர், இவ ஒரு நாளும் லீவு போடல. நாந்தான் போட்டேன்" என்றாள்.

சார் பட்டியலைப் பார்த்தார். "உனக்கு ஒரு ஆப்சென்ட்கூட இல்லயேம்மா."

"அதான் சார். எனக்கு நீங்க போட்டதெல்லாம் இவ சொன்ன உள்ளேன் ஐயா. இவளுக்கு லேட்டா வரும். நீங்க அதுக்குள்ள எம்பேருக்கு வந்துருவீங்க. என் ஆஜர் எல்லாம் இவளோடது. எடுத்து இவகிட்ட குடுத்துருங்க." குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர். முடி வலித்ததாலும் இருக்கலாம்.

அறிவியல் டீச்சரை அழைத்துக் கேட்டார்கள். தினமும் மூன்றாவது பெஞ்சில் இருக்கிறாளே என்றார். நோட்டுகளில் அவருடைய கையெழுத்தும் தேதியும் இருந்தன. அப்பா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். செவ்வாய்க்கிழமை தள்ளிவிட்ட அதே நோட்டு. பிறகு தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்கவே இல்லை.

ஞானதுரை சார் எழுந்து நின்றார். "தப்பு எம்மேல. தலைய நிமித்திப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்." அப்புறம் என்னிடம், "நீ இனிமே சொல்ல வேண்டாம்மா. கையைத் தூக்கு, போதும். நான் பாத்துப் போட்டுக்கறேன்."

எல்லோருக்கும் நிம்மதி. தலைமையாசிரியை ஃபைலை மூடிவிட்டார்.

நான் "வே..." என்றேன்.

யாரும் முடிக்கவில்லை. பேப்பர் வெயிட் என் கையில்தான் இருந்தது.

"வே... வேண்டாம். நா... ன் சொல்லுவேன். நீ... நீங்க அதுவர நிக்கணும்."

சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், நாற்பது நொடி ஆனது. வராதபட்டிக்கு வெளியே நான் முழுசாகச் சொன்ன முதல் நீளமான பேச்சு இதுதான். சந்தனமாரியின் தம்பிகூட அதுவரை அழவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அம்மா காலையில் தலை பின்னிவிடும்போது, "பயலோடயான்னு கேட்டுட்டேன்ல்லா" என்றாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ரிப்பனை எடுத்து நீட்டினேன். அதற்குப் பதில் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்.

"ஆவுடைச்செல்வி" என்றார் சார். போனை மேஜை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்தேன். முதல் எழுத்து கதவில் மாட்டிக்கொண்டது. பின்னால் ஒருத்தி சிரித்தாள், நிறுத்திவிட்டாள். சந்தனமாரியின் உதடு அசைந்தது, முறைத்தேன். நான் கண்ணை மூடவில்லை, கீழே குனியவில்லை. சாருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத்தான் வேர்த்தது.

"உ... உள்ளேன் ஐயா."

"பாக்கியலட்சுமி" என்றார் சார்.

ஒன்பதரைக்குள் பதிவு ஏறவில்லை. ஆபீஸிலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சந்தனமாரிக்கு ஒன்பது ஆப்சென்ட் ஏறிவிட்டது. "போட்டும்ட்டி, நான் வரலதான" என்கிறாள். குழந்தையை அங்கன்வாடியில் விடச் சொல்லித் தலைமையாசிரியை அவள் அம்மாவிடம் பேசப் போகிறாராம். பேசட்டும். பேசவில்லையென்றால் நான் போய்ப் பேசுவேன். நேரமாகும், ஆனால் பேசுவேன்.

ஜூலை 13, ஞாயிறு

டைரி திரும்ப வந்துவிட்டது. சனி என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மினி பஸ்ஸைக் கழுவுவார். நான் வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். மூன்று நாளாக அவர் என்னிடம் பேசவில்லை. கோபம் இல்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் இருந்தார். அது எனக்குத் தெரியாதா என்ன.

திடீரென்று துணியைப் போட்டுவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்து, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து டைரியை எடுத்தார்.

"எழுத்துக்கூட்டித்தான் படிச்சேன். முழுசா, ரெண்டு தடவ" என்றார். "ஒன்னக் கேக்காம எடுத்தது தப்புதான் தாயி. கேசரி பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதே."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மழயெல்லாம் அங்கதான் இருக்கோ?"

தலையாட்டினேன்.

"சரி. அந்த அலை பனை உயரத்துக்கு வந்து நிக்கி. படகுல பஸ்ஸு இருக்கு, பஸ்ஸுல ஆளு இருக்கு. நானும் வண்டி ஓட்டுதவந்தான, ரெண்டு நாளா ஒறக்கம் வரல. என்ன செஞ்சாரு அந்தத் தொம்மை?"

இதுவரை நான் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். சொல்லத் தொடங்கினேன்.

"தொ... தொ..."

அப்பாவின் வாய் திறந்தது. பழக்கம். ஆனால் அடுத்து என்ன வரும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், அவரால் எதை வைத்தும் முடிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டார். ஈரக் கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். வாளியில் சோப்பு நுரை முழுக்க அடங்கி, வண்டியில் பூசியிருந்த சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்துவிட்டது. நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.